கடைக்குப் போகும் முன் வீட்டை அளந்து பாருங்கள்

நான்கு ஆண்டுகளுக்கு முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், தண்ணீர் சுத்திகரிப்புக் கருவி விற்கும் இளைஞர் ஒருவர் கோவையில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்தார். சமையலறைக் குழாயிலிருந்து ஒரு தம்ளர், தன் புட்டியிலிருந்து ஒரு தம்ளர் என இரண்டையும் மேசைமேல் வைத்து, கம்பிகள் நீட்டிக்கொண்டிருந்த சிறு கருவி ஒன்றை இரண்டிலும் இறக்கி, சுவிட்சைப் போட்டார். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை; எங்கள் தண்ணீர் பழுப்பேறிக் கறுத்து, தம்ளரின் அடியில் கசடு படிந்தது. அவருடைய தண்ணீர் பளிங்கு போல அப்படியே நின்றது. “இதைத்தான் சார் குழந்தைங்களுக்குக் குடுக்கறீங்க” என்றார். அன்று மாலையே 16,000 ரூபாய் ஆர்.ஓ. கருவி ஒன்றுக்கு முன்பணம் கட்டிவிட்டோம்.

அந்தத் தம்ளரில் நடந்தது மின்னாற்பகுப்பு. உப்புகள் கரைந்திருக்கும் எந்தத் தண்ணீரிலும் மின்சாரம் பாயும். பாயும்போது இரும்புக் கம்பி கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து துருவாகத் தண்ணீரில் இறங்கும். கசடு வந்தது கம்பியிலிருந்துதான், குழாயிலிருந்து அல்ல. ஆர்.ஓ. கருவி நுண்ணிய சவ்வின் வழியே உப்பை வடிகட்டிவிடும்; அப்படி வரும் தண்ணீரில் உப்புகள் மிகக் குறைவு என்பதால் மின்சாரம் பாய வழியில்லாமல் அது தெளிவாகவே நிற்கிறது. அவருடைய தம்ளரில் ஒரு சிட்டிகை சமையல் உப்பைப் போட்டிருந்தால் அதுவும் அதே நிறத்துக்கு வந்திருக்கும். இது எனக்குத் தெரிய வந்தபோது ஆறு மாதங்கள் கடந்திருந்தன. மீன் தொட்டி வைத்திருக்கும் நண்பர் ஒருவரிடம், தண்ணீரில் கரைந்துள்ள உப்புகளின் அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டரை இரவல் வாங்கிக் குழாய்த் தண்ணீரில் வைத்துப் பார்த்தபோது அது ஐம்பதைக்கூடத் தொடவில்லை. எங்கள் குழாயில் வருவது சிறுவாணித் தண்ணீர். ஊரே தேடிக் குடிக்கும் தண்ணீரை வடிகட்டி, அதில் பெரும்பகுதியைச் சாக்கடையில் விட்டுக்கொண்டிருந்தோம்.

அன்றைக்கு நான் செய்த தவறு கருவியைப் பற்றி விசாரிக்காமல் இருந்தது அல்ல. எத்தனை கட்டச் சுத்திகரிப்பு, எத்தனை லிட்டர் தொட்டி, எத்தனை ஆண்டு வாரண்டி என்று எல்லாவற்றையும் கேட்டேன். என் வீட்டைப் பற்றிய ஒரே ஓர் எண்ணை, அதாவது குழாயில் வரும் தண்ணீரில் எவ்வளவு உப்பு இருக்கிறது என்பதை, நான் அறிந்திருக்கவில்லை. அன்றாடப் பொருள்களையும் சேவைகளையும் வாங்கும்போது நாம் ஏமாறும் இடம் பெரும்பாலும் இதுதான். பொருளின் எண்கள் பெட்டியின்மேல் அச்சாகி வருகின்றன. வீட்டின் எண்களை நாம்தான் எடுத்தாக வேண்டும். அவற்றை எடுப்பது எப்படி என்பதைச் சில பொருள்களை வைத்துச் சொல்கிறேன்.

தண்ணீர்

டி.டி.எஸ். மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. சொந்தமாக வாங்க வேண்டும் என்பதுகூட இல்லை. மீன் தொட்டி வைத்திருப்பவர்களிடமோ, தெருவில் சுத்திகரிப்புக் கருவி பழுதுபார்ப்பவரிடமோ இருக்கும். வீட்டுக்கு வரும் ஒவ்வொரு தண்ணீரையும் தனித்தனியாக அளக்க வேண்டும். நல்ல தண்ணீர்க் குழாய், ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீர், வாங்கும் கேன் தண்ணீர் ஆகிய மூன்றும் மூன்று எண்களைக் காட்டும். மாடித் தொட்டியில் நல்ல தண்ணீரும் உப்புத் தண்ணீரும் கலக்கும் வீடாக இருந்தால், குடிக்கப் பிடிக்கும் குழாயிலேயே அளக்க வேண்டும். கோடையில் ஒரு முறை, மழைக்காலம் முடிந்தபின் ஒரு முறை என இரண்டு அளவுகள் எடுத்துவிட்டால் போதும்.

இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் குடிநீர்த் தரம், கரைந்துள்ள திடப்பொருள்களின் அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை இருப்பதை ஏற்கத்தக்கது என்கிறது. வேறு தண்ணீரே கிடைக்காத இடத்தில் 2,000 வரை அனுமதிக்கிறது. உங்கள் அளவு 500-க்குக் கீழே இருந்தால், உப்பைக் குறைப்பதற்காக ஆர்.ஓ. வாங்கத் தேவையில்லை. 2019 மே மாதத்தில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயமும், 500-க்குக் குறைவாக உள்ள இடங்களில் ஆர்.ஓ. கருவிகளைத் தடை செய்ய வேண்டும் என்று சுற்றுச்சூழல் அமைச்சகத்துக்கு உத்தரவிட்டது. தண்ணீர் வீணாவதே அதற்குக் காரணம். வீட்டுக் கருவிகளில் ஒரு லிட்டர் குடிநீர் கிடைப்பதற்கு இரண்டு, மூன்று லிட்டர் கழிவாகப் போவது சாதாரணம். கருவியின் கழிவுக் குழாயை ஒரு நாள் முழுவதும் வாளியில் விட்டுப் பார்த்தால்தான் இந்தக் கணக்கு மனத்தில் பதிகிறது. எங்கள் வீட்டில் மூன்று வாளி நிறைந்தது.

ஆனால் மீட்டர் எல்லாவற்றையும் சொல்லிவிடாது. கிருமிகள் அதன் கண்ணுக்குத் தெரியாது. சாக்கடை கலந்த தண்ணீர்கூட 300 என்று சாதுவாகக் காட்டலாம். ஆகவே எண் குறைவாக இருக்கும் வீடுகளுக்கும் கிருமியைக் கொல்ல ஒரு வழி வேண்டும். அதற்கு யு.வி. (புற ஊதா) விளக்குள்ள எளிய கருவி போதும். தண்ணீர் கலங்கலாக இருந்தால் மட்டும் ஒளி ஊடுருவாது என்பதால் முன்னால் ஒரு வடிகட்டி தேவை. அதுவும் வேண்டாம் என்றால், கொதி வந்தபின் ஒரு நிமிடம் நன்றாகக் கொதிக்க விட்டு ஆற வைத்த தண்ணீருக்கு எந்தக் கருவியும் ஈடில்லை. மாடித் தொட்டியைக் கழுவி எவ்வளவு காலம் ஆயிற்று என்ற கேள்வியையும் கருவி வாங்கும் முன்பே கேட்டுக்கொள்வது நல்லது.

உங்கள் எண் 500-ஐத் தாண்டுகிறது, வேறு தண்ணீருக்கும் வழியில்லை என்றால் ஆர்.ஓ. வாங்குவது நியாயமான செலவுதான். அப்போது கேட்க வேண்டியது கருவியின் விலையை அல்ல. வடிகட்டிகளையும் சவ்வையும் எத்தனை மாதத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும், ஒவ்வொன்றின் விலை என்ன, ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தத்தில் சவ்வு சேருமா சேராதா என்பவற்றைக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். எங்கள் கருவிக்கு ஐந்து ஆண்டுகளில் ஆகக்கூடிய பராமரிப்புச் செலவு, வாங்கிய விலையைத் தாண்டும் என்பதை முதலாண்டு ரசீதைப் பார்த்தபின்தான் கணக்கிட்டேன். இரண்டே பேர் உள்ள வீட்டில் மூன்று நாளைக்கு ஒரு 20 லிட்டர் கேன் ஆகிறது, ஒரு கேன் 40 ரூபாய் என்றால் மாதம் 400 ரூபாய், ஆண்டுக்கு 4,800 ரூபாய். கேன் மலிவா, கருவி மலிவா என்பதை இந்த எண்ணையும் அந்தப் பராமரிப்பு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்துத்தான் முடிவு செய்ய முடியும்.

மின்விசிறி

மின்சாரத்தைக் குறைக்கும் பொருள் எது என்று கேட்டால் எல்லோரும் இப்போது பி.எல்.டி.சி. மின்விசிறியை, அதாவது மின்னணுப் பலகையால் இயங்கும் சிக்கன மோட்டார் உள்ள மின்விசிறியை, சொல்கிறார்கள். சரியான பதில்தான்; ஆனால் எந்த அறைக்கு என்பதைப் பொறுத்து மாறக்கூடிய பதில். சாதாரண மின்விசிறி முழு வேகத்தில் ஏறக்குறைய 75 வாட் எடுக்கும்; பி.எல்.டி.சி. வகை 30 வாட்டில் ஓடும். நாளுக்கு 15 மணி நேரம் ஓடும் அறையில், இரண்டு மாதத்தில் மிச்சமாவது சுமார் 40 யூனிட். தமிழ்நாட்டில் யூனிட் கூடக்கூட ஒரு யூனிட்டின் விலையும் கூடுவதால், மிச்சமாகும் யூனிட்டுகள் உங்கள் கணக்கின் மிக விலையுயர்ந்த மேல்படியிலிருந்து கழிகின்றன. அந்தப் படி 6 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஒவ்வொரு பில்லிலும் 240 ரூபாய் குறையும். கூடுதலாகக் கொடுத்த 1,300 ரூபாய் ஓராண்டுக்குள் திரும்பிவிடும். அதே மின்விசிறியை, விருந்தினர் வந்தால் மட்டும் திறக்கும் அறையில், சராசரியாக நாளுக்கு 2 மணி நேரம் ஓட விட்டால் பில்லுக்கு 32 ரூபாய்தான் மிச்சமாகும். போட்ட பணம் திரும்ப ஏழு ஆண்டுகள் பிடிக்கும்.

இங்கே வீட்டின் எண் என்பது அறைக்கு அறை மின்விசிறி ஓடும் மணி நேரம். ஒரு வாரம் கவனித்துக் காலண்டர் ஓரத்தில் குறித்தாலே போதும். பழுது ஆனால் யார் பார்ப்பார் என்பதும் இதோடு சேர வேண்டிய கேள்வி. பழைய வகை என்றால் தெருமுனைக் காயில் கட்டும் கடையில் சில நூறு ரூபாய்க்குச் சரிசெய்து தருவார்கள், பி.எல்.டி.சி. மின்விசிறியின் மின்னணுப் பலகை போனால் அந்தக் கடைக்காரர் கையை விரித்துவிடுவார், நிறுவனத்தின் சேவை மையத்துக்குத்தான் போயாக வேண்டும். ஆகவே வாரண்டி ஆண்டுகளைப் பார்த்து வாங்குவதற்கு இதில் கூடுதல் காரணம் இருக்கிறது.

மின்சிக்கனத்தைக் காட்டும் நட்சத்திர முத்திரையைப் பற்றி ஒரு வார்த்தை. நட்சத்திர எண்ணிக்கையை மட்டும் பார்க்காமல், அந்த முத்திரை எந்த ஆண்டுக்குரியது என்பதையும் பார்க்க வேண்டும். அளவுகோலை அவ்வப்போது இறுக்குகிறார்கள். 2022 ஜூலையில் ஏ.சி.க்கான அளவுகோல் மாறியபோது, முந்தைய நாள் வரை ஐந்து நட்சத்திரமாக இருந்தவை நான்காக இறங்கின. ஏ.சி. முத்திரையில் அச்சிடப்படும் ஆண்டு மின்செலவு, ஆண்டுக்கு 1,600 மணி நேரம் ஓடுவதாகக் கொண்டு போட்ட கணக்கு. ஏப்ரல், மே இரவுகளில் மட்டும் ஏழு மணி நேரம் போடும் வீட்டுக்கு அது 430 மணி நேரத்தைத் தாண்டாது. அந்த வீட்டுக்கு மூன்று நட்சத்திரமே போதும், மீதிப் பணத்தை வேறு எதற்காவது வைத்துக்கொள்ளலாம்.

அடுக்களை

கோவைக்காரன் கிரைண்டரைப் பற்றிச் சொல்லாமல் போனால் ஊரில் மதிப்பிருக்காது. எங்கள் ஊர் வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே இருக்கிறது. ஆனாலும் இரண்டு பேர் உள்ள வீட்டுக்குப் பெரிய கிரைண்டரைச் சீர்வரிசையாக வாங்கிக் கொடுப்பது தவறு என்றுதான் சொல்வேன். உரலின் கொள்ளளவுக்கு மிகக் குறைவாக அரிசியைப் போட்டால் அது கல்லுக்கு அடியில் போகாமல் ஓரத்திலேயே ஒட்டிச் சுற்றிக்கொண்டிருக்கும். தள்ளிவிட ஒருவர் பக்கத்திலேயே நிற்க வேண்டும். உங்கள் வீட்டில் ஒரு தடவைக்கு எத்தனை ஆழாக்கு ஊறப் போடுகிறார்கள் என்பதை வீட்டில் மாவு ஆட்டுபவரிடம் கேட்டுவிட்டு அளவைத் தேர்ந்தெடுங்கள். பெரும்பாலும் கடையில் நின்று விலை பேசுபவர் ஒருவராகவும் வீட்டில் ஆட்டுபவர் வேறொருவராகவும் இருப்பதே இந்தப் பிழைக்குக் காரணம்.

பாக்கெட் பொருள்களில் கண்ணை ஏமாற்றுவது அளவு. ஒரு லிட்டர் சமையல் எண்ணெய் ஏறக்குறைய 910 கிராம் இருக்கும்; அதே உருவப் பாக்கெட்டில் 850 கிராமோ அதற்கும் குறைவாகவோ அடைத்து, பத்து ரூபாய் குறைத்து விற்பவையும் அதே அலமாரியில் இருக்கும். இப்போது பாக்கெட்டில் கிராமுக்கோ மில்லிலிட்டருக்கோ என்ன விலை என்பதையும் அச்சிட வேண்டும் என்பது விதி. எம்.ஆர்.பி.க்குப் பக்கத்தில் சிறிய எழுத்தில் இருக்கும் அந்த எண்ணை ஒப்பிட்டாலே போதும். ஐஸ்கிரீம் என்று நினைத்து வாங்குவதில் ‘ஃப்ரோசன் டெசர்ட்’ என்று அச்சிட்டிருந்தால், அதில் பால் கொழுப்புக்குப் பதிலாகத் தாவரக் கொழுப்பு இருக்கிறது என்று பொருள். குளியல் சோப்பில் ‘டாய்லெட் சோப்’ என்று போட்டிருந்தால் அதற்குத் தரப் பிரிவு உண்டு. கொழுப்புப் பொருள் 76 விழுக்காடும் அதற்கு மேலும் இருந்தால் முதல் தரம். ‘பாத்திங் பார்’ என்று போட்டிருப்பது இந்தத் தரப் பிரிவுக்குள் வராது.

சிக்கனம் பார்க்கக் கூடாத பொருள்களும் உண்டு. பிரஷர் குக்கர், தலைக்கவசம், கேஸ் டியூப் ஆகிய மூன்றிலும் நூறு ரூபாய் மிச்சம் பிடிப்பதில் பொருளே இல்லை. குக்கருக்கு 2021 பிப்ரவரி முதலும், இருசக்கர வாகனத் தலைக்கவசத்துக்கு அதே ஆண்டு ஜூன் முதலும் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். முத்திரைக்கு அருகில் சி.எம்./எல். என்று தொடங்கும் உரிம எண் இருக்கும், பி.ஐ.எஸ். கேர் செயலியில் அந்த எண்ணை இட்டால் அது யாருக்கு, எந்தப் பொருளுக்குக் கொடுக்கப்பட்டது என்று தெரியும். முத்திரையைப் போலியாக அச்சடிக்கலாம் என்பதால், கடையில் நிற்கும்போதே சரிபார்த்துவிடுவது நல்லது.

கைப்பேசி ரீசார்ஜ்

28 நாள் திட்டத்தை மாதத் திட்டம் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 365-ஐ 28-ஆல் வகுத்தால் 13 வரும்; ஆகவே ஓராண்டுக்கு 12 தடவை அல்ல, 13 தடவை கட்டுகிறோம். 299 ரூபாய்த் திட்டத்தின் ஆண்டுச் செலவு 3,588 ரூபாய் அல்ல, 3,887 ரூபாய். எந்த இரண்டு திட்டங்களை ஒப்பிடுவதானாலும், விலையை நாள்களால் வகுத்து ஒரு நாள் செலவாக மாற்றிக்கொண்டு ஒப்பிட வேண்டும்.

அதற்கும் முன்னால், கைப்பேசியின் அமைப்புகளில் மொபைல் டேட்டா எவ்வளவு செலவாகியிருக்கிறது என்பதைப் பாருங்கள். வீட்டிலும் அலுவலகத்திலும் வைஃபை இருப்பவர்கள் நாளுக்கு 2 ஜி.பி. திட்டத்தை வைத்துக்கொண்டு, அதில் கால் பங்கைக்கூடத் தொடாமல் ஒவ்வொரு நள்ளிரவும் இழந்துகொண்டிருப்பதை நான் என் கைப்பேசியிலேயே கண்டேன். பட்டன் போன் வைத்திருக்கும் பெரியவர்களுக்கு டேட்டாவே தேவையில்லை. டேட்டா இல்லாமல், அழைப்புக்கும் குறுஞ்செய்திக்கும் மட்டுமான திட்டங்களைத் தர வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2024 டிசம்பரில் விதி கொண்டுவந்ததால், இப்போது அப்படிப்பட்ட நீண்ட காலத் திட்டங்கள் கிடைக்கின்றன. ரீசார்ஜ் கடையில் தானாக எடுத்துக் காட்ட மாட்டார்கள்; கேட்டு வாங்க வேண்டும். என் அம்மாவின் எண்ணுக்கு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை அதைத்தான் போடுகிறோம்.

வேலை செய்யும் இடத்திலும் வீட்டுச் சமையலறையிலும் சிக்னல் வருகிறதா என்பதைப் பார்க்காமல், மலிவு என்று வேறு நிறுவனத்துக்கு மாறிவிடாதீர்கள். மாறியபின் 90 நாள்களுக்கு அங்கேயே இருந்தாக வேண்டும்.

மருத்துவக் காப்பீடு

இதில்தான் வீட்டின் எண்ணை எடுக்காமல் வாங்குவதன் விலை மிகப் பெரிது. ஐந்து லட்சம், பத்து லட்சம் என்ற காப்பீட்டுத் தொகையை மட்டுமே எல்லோரும் பார்க்கிறார்கள். நீங்கள் பார்க்க வேண்டிய முதல் வரி அறை வாடகை வரம்பு. ஐந்து லட்சம் பாலிசியில் அறை வாடகை ஒரு விழுக்காடு என்று எழுதியிருந்தால், நாளுக்கு 5,000 ரூபாய் வரைதான் தருவார்கள். நீங்கள் 8,000 ரூபாய் அறையில் தங்கினால் வித்தியாசமான 3,000 ரூபாயை மட்டும் கையிலிருந்து கட்டினால் போதும் என்று நினைப்போம், அப்படி முடிவதில்லை. மருத்துவர் கட்டணம், அறுவை அரங்கக் கட்டணம் போன்றவற்றையும் எட்டுக்கு ஐந்து என்ற விகிதத்தில் வெட்டுவார்கள். அந்த வகையில் 80,000 ரூபாய் வந்திருந்தால் 50,000 ரூபாய்தான் கிடைக்கும். மருந்து, பரிசோதனை, உடலுக்குள் பொருத்தும் கருவிகள் ஆகியவற்றுக்கு இந்த விகித வெட்டு பொருந்தாது என்பது ஒரு சிறு ஆறுதல்.

ஆகவே பாலிசிகளை ஒப்பிடும் முன், அவசரம் என்றால் நீங்கள் உண்மையிலேயே போகக்கூடிய இரண்டு மருத்துவமனைகளின் பில்லிங் பிரிவுக்குத் தொலைபேசியில் பேசி, தனி அறைக்கு நாள் வாடகை எவ்வளவு, எந்தெந்தக் காப்பீட்டு நிறுவனங்களுக்குப் பணமில்லாச் சிகிச்சை (கேஷ்லெஸ்) வசதி உண்டு என்ற இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். பத்து நிமிடத்தில் முடிந்துவிடும் வேலை. அந்த வாடகைக்கும் வரம்புக்கும் பொருந்தாத பாலிசிகளைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டால், மிஞ்சுபவை மூன்றோ நான்கோதான் இருக்கும்.

சர்க்கரை, இரத்த அழுத்தம் போன்று ஏற்கெனவே உள்ள நோய்களை மறைக்காமல் விண்ணப்பத்தில் எழுதுங்கள். அவற்றுக்கான காத்திருப்புக் காலம், அதாவது பாலிசி எடுத்தபின் அந்த நோய்களுக்குப் பணம் தராத காலம், மூன்று ஆண்டுகளைத் தாண்டக் கூடாது என்பது இப்போதைய விதி. மறைத்து வாங்கிய பாலிசியோ, தேவைப்படும் நாளில் வெறும் காகிதமாகிவிடக்கூடும். பாலிசிப் பத்திரம் கைக்கு வந்ததும் அலமாரியில் வைத்துப் பூட்டாமல், அறை வாடகை, காத்திருப்புக் காலம், நோயாளி தன் பங்காகக் கட்ட வேண்டிய விழுக்காடு ஆகிய மூன்று இடங்களையாவது படியுங்கள். முகவர் சொன்னதும் பத்திரத்தில் உள்ளதும் ஒத்துப்போகவில்லை என்றால், கைக்கு வந்த நாளிலிருந்து 30 நாள்களுக்குள் திருப்பிக் கொடுத்துவிடலாம். சிறு கழிவுகள் போகப் பிரீமியம் திரும்பி வரும்.

வாங்கியபின்

பில்லைக் கைப்பேசியில் படமெடுத்து வையுங்கள். கடைகள் தரும் பில் பெரும்பாலும் வெப்பத் தாளில் அச்சானது என்பதால் ஓராண்டில் எழுத்து மங்கி வெள்ளைத் தாளாகிவிடும்; வாரண்டியோ இரண்டாண்டு இருக்கும். கருவியின் பக்கவாட்டில் வாங்கிய தேதியையும் சேவை மைய எண்ணையும் மார்க்கரால் எழுதிவிடுங்கள். கேஸ் டியூபின்மேலும் தேதியைப் பாருங்கள். ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை அதை மாற்ற வேண்டும். நிறுவனத்திடம் புகார் செய்யும்போது, பேசியதோடு விடாமல் புகார் எண்ணைக் கேட்டு வாங்கிக் குறித்துக்கொள்ளுங்கள். அவர்கள் இழுத்தடித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம். முதலில் அவர்கள் கேட்பது பில்லையும் அந்தப் புகார் எண்ணையும்தான்.